நிறுத்த வேண்டியது மிளகாயையா, மாத்திரையையா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் பாலக்கோடு பக்கம். முக்கால் ஏக்கரில் பச்சை மிளகாயும் மீதியில் தக்காளியும் போட்டிருக்கிறோம். என் மாமனாருக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். மதியம் களிதான். கூடவே நாலைந்து பச்சை மிளகாயை உப்பில் தொட்டுத் தொட்டுக் கடிப்பார். மூன்று மாதமாக மேல் வயிறு எரிகிறது என்கிறார். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மிளகாய் தின்றே குடல் புண்ணாகிவிட்டது, இனிமேல் காரத்தைக் கண்ணில் காட்டாதே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என் கணவரோ போனில் ஏதோ பார்த்துவிட்டு, பச்சை மிளகாயைக் கீறி ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் சர்க்கரை இறங்கும், இதயத்துக்கும் நல்லது என்று அப்பாவுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். யார் சொல்வது சரி? இன்னொன்று, மிளகாய் பறித்த அன்று ராத்திரி முழுக்க எனக்குக் கை எரிகிறது. வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. மிளகாயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரமே மாமனாரை அழைத்துப் போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். வயிறு எரிவதற்கு எதற்கு ஈசிஜி என்று அவரே கேட்பார். பத்து வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு, சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்று சொல்ல முடியாது. நரம்புகள் மரத்துப்போயிருந்தால் 'கேஸ் பிடிச்சிருக்கு', 'ஏப்பம் வரமாட்டேங்குது', 'மேல் வயிறு எரியுது' என்கிற அளவில் வந்து போகும். சோடா குடித்துப் பார்த்து, பூண்டு சுட்டுத் தின்று பார்த்து, இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதற்குள் இதயத் தசையில் ஒரு பகுதி போயிருக்கும். மேட்டில் ஏறும்போது, தக்காளிக் கிரேட்டைத் தூக்கும்போது எரிச்சல் வந்து, உட்கார்ந்தால் அடங்குகிறதா என்று கேளுங்கள். கூடவே வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால் இந்த வாரம் என்று தள்ளாதீர்கள், இன்றைக்கே கிளம்புங்கள். ஒரே ஒரு ஈசிஜி எல்லாவற்றையும் காட்டிவிடாது. அது சரியாக இருந்தாலும் இந்த அறிகுறிகளை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மலம் தார்போலக் கறுத்துப் போகிறதா, எடை இறங்குகிறதா, சாப்பாடு விழுங்கச் சிரமமா, வாந்தி வருகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும், 61 வயதில் புதிதாக வந்து மூன்று மாதமாக நிற்கும் எரிச்சலுக்கு நான் எண்டோஸ்கோபி பார்க்கத்தான் சொல்வேன். ஜெலுசில் குடித்துக்கொண்டே நாளைத் தள்ளும் வயது இது இல்லை.

சரி, இப்போது மிளகாய்.

ஒரு பச்சை மிளகாயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தண்டு தெரியும். காரம் உற்பத்தியாவது அங்கேதான். விதையில்தான் காரம் என்று நாம் நினைப்பது, அது அந்தத் தண்டோடு ஒட்டியிருப்பதால் வரும் தப்புக் கணக்கு. அந்தத் தண்டை வழித்துப் போட்டுவிட்டுத் தோலை மட்டும் கடித்தால் முக்கால்வாசி வேகம் அடங்கிவிடும். காரத்துக்குக் காரணமான பொருளின் பெயர் கேப்சைசின். அதோடு அதன் தம்பி போன்ற டைஹைட்ரோகேப்சைசினும் இருக்கும். மிளகாயின் காரத்தில் பெரும்பங்கு இந்த இரண்டினுடையதுதான்.

கேப்சைசின் எதையும் எரிப்பதில்லை, புண்ணாக்குவதும் இல்லை. நம் நாக்கிலும் தோலிலும் குடலிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே டிஆர்பிவி1 என்ற ஏற்பி உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து மூளைக்கு 'சுடுது' என்று செய்தி அனுப்பும். கேப்சைசின் அந்தப் பூட்டுக்குப் பொருந்துகிற கள்ளச்சாவி. சூடே இல்லாதபோதும் கதவைத் திறந்துவிடும். மூளை நிஜமாகவே சூடு பட்டதாக நம்பி வியர்வையையும் கண்ணீரையும் வரவழைக்கும். இதை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. பறவைகளிடம் இந்த ஏற்பி வேறு மாதிரி இருப்பதால் அவற்றுக்குக் காரம் தெரியாது. உங்கள் வயலில் பழுத்த மிளகாயைக் கிளி கொத்திக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு அது வெறும் பழம்தான்.

அப்படியானால் குடல் புண்? சொந்தக்காரர்கள் சொல்வதில் தப்பு இல்லை, நாங்கள் டாக்டர்களும் பல காலம் அதையேதான் சொன்னோம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அல்சர் என்று யார் வந்தாலும் 'காரத்தைக் குறைங்க' என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். எழுத எளிது, நோயாளிக்கும் டாக்டர் ஏதோ பத்தியம் சொன்னார் என்ற திருப்தி. ஆனால் வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமி கலந்த கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கொடுத்தார்கள். இரண்டாவது காரணம் வலி மாத்திரை.

மிளகாய் இந்தப் பட்டியலிலேயே இல்லை. கேப்சைசின் இரைப்பையில் பட்டால் அமிலம் சுரப்பது குறைகிறது, சளிப்படலம் கூடுகிறது, உட்சுவருக்கு ரத்த ஓட்டம் அதிகரிக்கிறது. 1990களில் சிங்கப்பூரில் நடந்த ஆய்வில், அல்சர் வந்தவர்களைவிட வராதவர்களே மிளகாய் அதிகம் சாப்பிடுகிறவர்களாக இருந்தார்கள். இதைச் சாக்காக வைத்து யாரும் கூடுதலாக இரண்டு மிளகாய் கடிக்க வேண்டாம். ஏற்கெனவே புண் இருந்தால் காரம் பட்டதும் வலிக்கும். காலில் முள் குத்திய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எரிகிற மாதிரிதான். எரிவதால் உப்புதான் காலில் குத்தியது என்று யாரும் சொல்வதில்லை.

நெஞ்செரிச்சல் கதை வேறு. அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயைத் தொடுகிறவர்களுக்குக் காரம் எரிச்சலைக் கூட்டும், அதிலும் ராத்திரி சாப்பிட்ட கையோடு படுத்தால். ஆசனவாயில் வெடிப்பு இருப்பவர்களும் அது ஆறும்வரை காரத்தை நிறுத்தத்தான் வேண்டும். நாக்கில் இருக்கிற அதே ஏற்பி அந்தக் கோடியிலும் இருக்கிறது, காலையில் அது தன் வேலையைக் காட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது முழங்கால் மாத்திரைதான். மிளகாயைப் பற்றி ஐந்து வரி எழுதிவிட்டு அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் ஆக இருக்கும். செட்டாகப் பிரித்துக் கொடுக்கும் பொட்டலமாக இருந்தால் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஸ்டீராய்டு சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றிவிடும். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைச் சுரக்க வைக்கும் வேதிப்பொருளையே தடுக்கின்றன. அதனால்தான் வலி குறைகிறது, அதனால்தான் வயிறும் புண்ணாகிறது. சர்க்கரை உள்ளவருக்கு இது சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். மிளகாயை நிறுத்திவிட்டு இந்த மாத்திரையைத் தொடர்ந்தால், திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நாயை விரட்டிய கதைதான். மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் அது செட் மாத்திரையாக இருந்து மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அட்டையையோ பொட்டலத்தையோ கையில் எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தொடைத் தசையை உறுதியாக்கும் உடற்பயிற்சி ஒன்று உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். அப்புறம், வேடிக்கையைப் பாருங்கள், முழங்கால் தேய்மானத்துக்குப் பயன்படும் களிம்புகளில் ஒன்று கேப்சைசின் களிம்பு. அதேதான், மிளகாய்ச் சத்து. 0.025 சதவீதம், 0.075 சதவீதம் என்ற அளவுகளில் வருகிறது. தினமும் மூன்று நான்கு முறை தடவினால் முதல் சில நாள் எரியும், அப்புறம் அந்த நரம்பு முனை சலித்துப்போய் வலிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். மாமனார் மிளகாயைக் கடித்துக் கடித்து நாக்குப் பழகிப்போனதும் இதே சங்கதிதான். மிளகாயை அரைத்து முழங்காலில் பூசிவிடாதீர்கள், தோல் சிவந்து தாங்க முடியாமல் எரியும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் பாதத்தில் எந்தக் களிம்பும் வேண்டாம்.

தருமபுரிக்காரர்களிடம் மட்டும் நான் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டில் குடிக்க என்ன தண்ணீர்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, சொந்த போர் தண்ணீரா? நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கூடுதலான தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டு வலி, இறுக்கம் வரும். வயிற்று உபாதையும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. மாமனாருக்கு இரண்டுமே இருக்கிறது. போர் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டிப்படத்தான் செய்யும்.

மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், வாயு சேரும், பேதியாகும். சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிறாரா என்று பாருங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிவிடுகிறது. தானாக நிறுத்தக் கூடாது.

இப்போது உங்கள் கணவரின் மிளகாய்த் தண்ணீர். கேப்சைசின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். காரம் ஏறியபோது எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்காமல், ஒரு வாய் தயிர் போட்டதும் அடங்குவது இதனால்தான். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆக, ராத்திரி முழுக்க ஊறவைத்த தண்ணீரில் அவர் நம்புகிற சத்து மிகமிகக் கொஞ்சம். சாறு கண்ணில் தெறித்ததுதான் மிச்சம் என்று ஆகிவிடக் கூடாது.

மிளகாயையே சாப்பிட்டால்? 2006இல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், 36 பேரை வைத்துப் பார்த்தபோது, தொடர்ந்து மிளகாய் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் சற்றுக் குறைவாகவே தேவைப்பட்டது. அவ்வளவுதான் விஷயம். சர்க்கரை குணமாகிவிடும் என்று அதில் யாரும் சொல்லவில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்பதும் அப்படித்தான். கேப்சைசின் உடலின் கலோரிச் செலவைக் கொஞ்சம் கூட்டுகிறது, கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு இட்லி அளவு.

இதயச் செய்தி எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. சீனாவில் சுமார் 4.87 லட்சம் பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2015இல் வெளிவந்தது. கிட்டத்தட்ட தினமும் கார உணவு சாப்பிட்டவர்களிடம், வாரத்துக்கு ஒரு தடவைகூடச் சாப்பிடாதவர்களைவிட இறப்பு 14 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது கவனித்துப் பார்த்த கணக்கு, மிளகாயை மருந்தாகக் கொடுத்துச் சோதித்தது அல்ல. கார உணவு சாப்பிடுகிறவர்கள் வேறு எதில் எல்லாம் வித்தியாசப்படுகிறார்கள் என்பதை முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. அதே சீனாவில் 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிடப் பிடித்தது. காரம் பிடித்தவர்கள் உப்பைக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், ரத்த அழுத்தமும் குறைவாக இருக்கிறது என்றது அது. காரம் உப்புச் சுவையை எடுப்பாகக் காட்டுவதால் கொஞ்சம் உப்பே போதுமாகிறதாம். நம் ஊரில்தான் இது தலைகீழ். களிக்கு மிளகாயை உப்பில் தொட்டுக் கடிக்கிறோம், மோர் மிளகாயை உப்பில் ஊறப்போட்டு வறுக்கிறோம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு போதும், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. மாமனார் தட்டின் ஓரத்தில் குவித்துவைக்கும் உப்பை ஒரு நாள் அளந்து பாருங்கள். சர்க்கரைக்காரருக்கு அந்தக் குவியல்தான் மிளகாயைவிடப் பெரிய விஷயம்.

மிளகாயில் நல்லது இல்லாமல் இல்லை. வைட்டமின் சி நிறைய இருக்கிறது. அந்த வைட்டமினை ஆராய்ந்த சென்ட்-ஜியார்ஜி அதைக் கிலோக் கணக்கில் பிரித்தெடுத்ததே ஹங்கேரி நாட்டு மிளகாயிலிருந்துதான், 1937இல் அவருக்கும் நோபல். பச்சையாகக் கடிக்கும்போது அது முழுசாகக் கிடைக்கும். கொதித்தால் குறையும், வெயிலில் காய்ந்தால் பெரும்பாலும் போய்விடும். ஒரு மிளகாய் எடை நாலைந்து கிராம்தான் என்பதால் ஐந்து பத்து மில்லிகிராமுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் கேழ்வரகில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். அந்த வகையில் களிக்கும் பச்சை மிளகாய்க்கும் போட்ட ஜோடிப் பொருத்தம் சரிதான். பழுத்த மிளகாயின் சிவப்புக்குக் காரணம் கேப்சாந்தின். அது கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினுக்குச் சொந்தக்காரச் சத்து, கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும்.

மிளகாய்க்குப் பதில் மிளகு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போர்ச்சுகீசியர்கள் மிளகாயைக் கொண்டுவரும்வரை நமக்குக் காரமே மிளகும் திப்பிலியும்தான், மிளகாய் என்ற பெயரே மிளகிலிருந்து வந்தது. ஆனால் மிளகில் இருக்கும் பைப்பரினும் அதே டிஆர்பிவி1 கதவைத்தான் தட்டுகிறது. எரிச்சல் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆக மாமனாருக்கு: பரிசோதனை முடியும்வரை பச்சையாகக் கடிப்பதை நிறுத்தி வைக்கட்டும், குழம்பில் இருக்கும் காரம் இருந்துவிட்டுப் போகட்டும். எண்டோஸ்கோபியில் கிருமி தெரிந்தால் அதற்கு இரண்டு வார மாத்திரை உண்டு, ஒரு வேளைகூட விடாமல் முடிக்க வேண்டும். புண் ஆறிய பிறகு களியோடு ஒன்றிரண்டு மிளகாய் கடிக்கட்டும், உப்பு இல்லாமல். மருந்து அடித்த வயலிலிருந்து அன்றே பறித்து அப்படியே கடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் கண்டிப்பாக விடச் சொல்லுங்கள். மருந்து அடித்த பிறகு பறிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று பூச்சிமருந்து டப்பாவில் போட்டிருக்கும் நாட்கள், வயலின் சொந்தக்காரருக்கும் உண்டு.

இனி உங்கள் கை. தண்ணீரில் கரையாதது என்று சொன்னேன் அல்லவா, அதனால் வெறும் தண்ணீரில் கழுவினால் அது கையெல்லாம் பரவும். வெந்நீரில் முக்கினால் இன்னும் மோசம், ஏற்கெனவே ஏமாந்துபோன ஏற்பிக்கு நிஜச் சூட்டையும் கொடுத்த மாதிரி ஆகும். வயலிலிருந்து வந்ததும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றி விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் நன்றாகத் தேயுங்கள். பழைய துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியாகப் போடுங்கள். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். இதை இரண்டு முறை செய்யுங்கள். பிறகும் எரிந்தால் குளிர்ந்த தயிரிலோ பாலிலோ கையைக் கால் மணி நேரம் வைத்திருக்கலாம்.

வராமல் பார்ப்பது அதைவிடச் சுலபம். நைட்ரைல் கையுறை என்று கேட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். மெல்லிய வெள்ளை ரப்பர் கையுறையைத் தாண்டி மிளகாய்ச் சத்து உள்ளே போய்விடும், அது வேண்டாம்.

பறிக்கப் போகும் முன்பே குழந்தைக்குப் பால் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் எண்ணெய், சோப்பு, அப்புறம் சேலை மாற்றுவது, அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தூக்குவது. முந்தானையில் முகம் துடைக்கிற பழக்கம் இருக்கும், அந்த முந்தானையிலும் காரம் இருக்கும். தப்பித் தவறிக் குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய், பால் எதுவும் விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரைக் கால் மணி நேரம் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகும் கண்ணைத் திறக்காமல் அழுதால் கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.